ஒரு மாலை, ஒரே ஒரு மேட்ச்: ஜப்பான் மல்யுத்தத்தில் எதை முதலில் பார்ப்பது?

என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தம் பார்த்து வளர்ந்தவன். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "மாமா, எப்பப் பார்த்தாலும் ஜப்பான் மல்யுத்தம்னே பேசறீங்க. ஒரே ஒரு மேட்ச் சொல்லுங்க. பிடிச்சா தொடர்ந்து பாக்கறேன்" என்றான். ஒரே ஒன்று என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தப்பான மேட்சைக் காட்டிவிட்டால் அவன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்.

எந்த வகை மேட்ச் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. சாம்பியன் பெல்ட் இளையவர் இடுப்பில் இருக்க வேண்டும், அதைக் கேட்டு மூத்தவர் வர வேண்டும். ஜப்பானில் மல்யுத்தம் கற்க வரும் பையன்கள் கம்பெனியின் பயிற்சிக்கூடத்திலேயே தங்குகிறார்கள். சமைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், பெரிய வீரர்களுக்கு உதவியாளாகப் பை தூக்கி, துணி துவைத்து, முதுகு தேய்த்து விடுகிறார்கள். அப்படி வளர்ந்த ஒருவன் சாம்பியனாக நிற்க, அவனுக்கு மூத்த தலைமுறை எதிர்மூலையில் நின்றால், மணி அடிக்கும் முன்பே அங்கே ஒரு கதை இருக்கிறது.

"யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிடறாங்களே?" என்று அவனும் கேட்டான். ஆமாம், முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால்தான் நான் இந்த மேட்ச்களில் யார் ஜெயித்தார் என்பதைவிட, மூத்தவர் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார், எதைக் கையில் வைத்துக்கொள்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். அந்தக் கேள்வியோடு பழைய மேட்ச்களைத் திரும்பப் பார்த்தேன். நான்கு மேட்ச்கள் மிஞ்சின.

முதலாவது 1988 ஆகஸ்ட் 8, யோகோஹாமா. சாம்பியன் தட்சுமி ஃபுஜினாமி, வயது 34. அவரை எதிர்த்து வந்தவர் அன்டோனியோ இனோகி, வயது 45. முகமது அலியுடன் 1976இல் டோக்கியோவில் மோதினாரே, அதே இனோகி. நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் கம்பெனியை 1972இல் தொடங்கியவரும் அவரே. ஃபுஜினாமி பதினாறு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர், இனோகி தனிக் கம்பெனி தொடங்கியபோது கூடவே போனவர். முப்பத்துச் சொச்சம் வயதை இளமை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் இனோகியின் நிழலில் அவர் இளையவராகவே இருந்தார். அந்த வருடம் ஏப்ரலில் ஓகினாவாவில், உடைமாற்றும் அறையில், கேமரா முன்னால், இனி எங்களுக்கு இடம் விடுங்கள் என்று இனோகியிடம் கேட்டார். வார்த்தை போதாமல் கத்தரிக்கோலை எடுத்துத் தன் முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டார். ஜப்பான் ரசிகர்கள் அதை இன்றைக்கும் ஒரு புரட்சி என்றே சொல்கிறார்கள்.

அந்தப் புரட்சி ஆகஸ்டில் ரிங்குக்கு வந்தது. டைட்டில் மேட்சுக்கு நேர வரம்பு 60 நிமிடம். இருவரும் முழு 60 நிமிடமும் ஆடினார்கள். டிரா. பெல்ட் ஃபுஜினாமியிடமே நின்றது. முடிந்ததும் இனோகி தன் கையாலேயே அந்தப் பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டினார், இருவரும் அழுதார்கள். இனோகி அந்தப் பெல்ட்டுக்கு மோதியது அதுவே கடைசி.

நான் இந்த மேட்சை உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் முதல் மேட்சாக இதைக் காட்டக் கூடாது. பாதிக்கு மேல் தரையில் படுத்துப் பிடிபோடும் ஆட்டம். ஒரு கால்பூட்டு பல நிமிடம் நீளும். அந்தப் பிடிக்குள் யார் மூச்சு வாங்குகிறார், யார் கயிற்றைப் பார்க்கிறார் என்று கவனிக்கப் பழகிய கண்ணுக்கு அது விருந்து, பழகாத கண்ணுக்கு ஒரு மணி நேரம் மிக நீளம். நீளம்கூடப் பெரிய விஷயமில்லை. இனோகி இங்கே பாதியைத்தான் கொடுக்கிறார். பெல்ட்டைக் கட்டிவிடுகிறார், தோல்வியை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிந்த பிறகும் ஃபுஜினாமி தன் ஆசானைத் தோற்கடிக்காத சாம்பியனாகவே நிற்கிறார். முழுக்கதை தெரிந்தவருக்கு அந்தக் குறையே நெஞ்சைப் பிழியும். புதிதாகப் பார்ப்பவர் "இப்ப யாரு ஜெயிச்சாங்க?" என்றுதான் கேட்பார்.

இரண்டாவது 2012 ஜூன் 16, ஒசாகா. கசுச்சிகா ஒகாடா எதிர் ஹிரோஷி தனஹாஷி.

இதற்கு ஐந்து மாதம் பின்னே போக வேண்டும். 2012 ஜனவரி 4, டோக்கியோ டோம். தனஹாஷி அன்று மினோரு சுசுகியை வென்று, நியூ ஜப்பானின் தலைமைப் பட்டமான ஐடபிள்யூஜிபி பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை தக்கவைத்த சாதனையைப் படைத்தார். இரண்டாயிரங்களில் கம்பெனி தடுமாறி, அரங்கங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்த காலத்தில் அதைத் தோளில் சுமந்தவர் அவர். அந்த வெற்றிக் களைப்போடு ரிங்கில் நின்றவர் முன்னால், அமெரிக்காவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த 24 வயதுப் பையன் ஒருவன் வந்து நின்று, "இவ்வளவு நாள் பாடுபட்டீர்கள், சிரமம்" என்று விடைகொடுக்கும் தொனியில் சொன்னான். ஜப்பானியர்கள் வேலை முடிந்து கிளம்பும்போது ஒருவருக்கொருவர் சொல்லும் சாதாரண வாசகம்தான். அதற்குள் களைப்பு என்கிற பொருளும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து நான் களைத்ததே இல்லை என்று தனஹாஷி பதில் சொன்னார். ரசிகர்கள் பையனைக் கேலி செய்தார்கள். அன்று முன்னதாக அவன் ஆடிய மேட்சும் யார் மனதிலும் நிற்கவில்லை.

பிப்ரவரி 12 அன்று ஒசாகாவில் அதே பையன், ஒகாடா, தனஹாஷியை வென்றான். ஒகாடாவின் பட்டப்பெயரை வைத்து ரெய்ன்மேக்கர் அதிர்ச்சி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து, அதே கட்டடத்தில், இப்போது சவால் விடுபவராக தனஹாஷி வந்து பெல்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதுதான் ஜூன் 16.

பட்டியலில் உள்ளவற்றில் நான் தேடிய வகைக்கு அப்படியே பொருந்துவது இதுதான்: 24 வயதுச் சாம்பியன், அவனைவிடப் பதினொரு வயது மூத்த சவாலாளி, பெல்ட் கைமாறுகிறது. விறுவிறுப்பிலும் குறையில்லை. தனஹாஷி தன் வழக்கப்படி எதிராளியின் காலைத் தாக்குகிறார். எட்டி உதைக்கும் காலைப் பிடித்துச் சுழற்றிக் கீழே தள்ளும் அந்த டிராகன் ஸ்க்ரூ, 1988இல் சாம்பியனாக நின்றாரே ஃபுஜினாமி, அவர் கண்டுபிடித்தது. அவருக்குப் பின் கெய்ஜி முட்டோ அதைப் பிரபலமாக்கினார். முட்டோவின் உதவியாளாகப் பை தூக்கியவர் தனஹாஷி. ஒரு கால்சுழற்றுக்குள் மூன்று தலைமுறை இருக்கிறது. இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால் ஜப்பான் மல்யுத்தத்தை விட முடியாது.

ஆனாலும் முதல் மேட்சாக இதுவும் சரிவராது என்றே நினைக்கிறேன். இதைத் தனியாகப் பார்த்தால், பெரியவர் தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்றுதான் தோன்றும். அது உண்மையில்லை. தனஹாஷி அன்று பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஒகாடாவுக்குக் கொடுத்தது, ஏறுவதற்கு ஒரு மலை. திடீரென்று வந்த வெற்றியால் சாம்பியனான பையன், தோற்ற பிறகுதான் உழைக்க வேண்டிய ஆள் ஆகிறான். அது புரிய அடுத்த நான்கு வருடத்தையும் பார்த்திருக்க வேண்டும். அதோடு, 24 வயது ஒகாடா இன்னும் முழுதாக உருவாகவில்லை. உயரம் இருக்கிறது, எகிறி இரண்டு காலாலும் உதைக்கும் அந்த அபாரமான டிராப்கிக் இருக்கிறது. அவருக்காகப் பேசுவது என்னவோ பக்கத்தில் நிற்கும் அவருடைய மேலாளர் கெடோதான்.

மூன்றாவதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன், ஏனென்றால் அதில் பெல்ட் பணயம் வைக்கப்படவில்லை. 2015 நவம்பர் 15, ரியோகோகு கொகுகிகான் அரங்கம். கெனிச்சிரோ தென்ரியுவின் கடைசி மேட்ச். அவருக்கு வயது 65. எதிரே அப்போதைய ஐடபிள்யூஜிபி சாம்பியன் ஒகாடா, 28. அந்த அரங்கம் சுமோவின் வீடு. தென்ரியு பதின்மூன்று வயதில் சுமோவுக்கு வந்தவர். அந்த உலகத்தை விட்டு 1976இல் மல்யுத்தத்துக்கு மாறியவர். ஜயன்ட் பாபா, இனோகி என்ற பழைய ஜாம்பவான்கள் இருவரையும் தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைத்து வென்ற ஒரே ஜப்பானியர். பழைய தலைமுறை தன்னோடு ஒரே காலத்தில் ஆடாமல் போனது அவர்களுக்கு நல்லதாயிற்று என்ற பொருளில் ஒகாடா ஒருமுறை பேசிவிட்டார். அது தென்ரியுவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பதிலாகத் தன் கடைசி இரவையே அவர் ஒகாடாவிடம் கொடுத்தார்.

பதினேழு நிமிடச் சொச்சம்தான். 65 வயது உடம்பு எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது, எழுகிறது, கையை ஓங்குகிறது. ஒகாடா தயவு காட்டவில்லை, டிராப்கிக்கை முழு வேகத்தில் அடிக்கிறார். ஒகாடாவின் முடிவு அடியான ரெய்ன்மேக்கர் விழுந்து மூன்று எண்ணி முடிந்ததும், கிடக்கும் பெரியவர் முன்னால் சாம்பியன் குனிந்து நெடுநேரம் வணங்குகிறார். அந்த வருடத்தின் சிறந்த மேட்ச் என்று டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை விருது கொடுத்தது இதற்குத்தான். கைத்திறனை மட்டும் அளந்தால் அந்த வருடம் இதைவிட நல்ல மேட்ச்கள் உண்டு. விருதுக்காரர்கள் எதைப் பார்த்தார்கள் என்று எனக்குப் புரிகிறது.

டபிள்யூடபிள்யூஇ வீரர் அண்டர்டேக்கரின் கடைசி வருடங்களைப் பார்த்து மனம் கனத்தவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பின்கதை எதுவும் தேவையில்லை, ஒரு முதியவரும் ஒரு இளைஞரும் நிற்பதைப் பார்த்தாலே போதும். என் அக்கா மகனுக்கு இது ஏன் வேண்டாம் என்றால், இது ஒரு பிரியாவிடை. இதைப் பார்த்து ஜப்பான் மல்யுத்தம் மேட்சுக்கு மேட்ச் எப்படி இருக்கும் என்று அவனால் ஊகிக்க முடியாது. முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகிறவனை நேராகத் துக்கவீட்டுக்கு அழைத்துப்போவது போல ஆகிவிடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 58 வயதில் முட்டோ நோவா கம்பெனியின் ஜிஎச்சி பட்டத்தை 2021 பிப்ரவரியில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் வென்றதைப் பலர் சிபாரிசு செய்வார்கள். இரண்டு முழங்காலிலும் செயற்கை மூட்டு வைத்துக்கொண்ட மனிதர். அபூர்வமான இரவுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று தோற்ற கோ ஷியோசாகி இளைஞர் இல்லை. இளைஞரான கைட்டோ கியோமியா மறுமாதம் முட்டோவிடம் மோதியபோது பெல்ட் மூத்தவர் கையில் இருந்தது. கதை தலைகீழ். இந்த முறைக்கு வேண்டாம்.

நான்காவது 2016 ஜனவரி 4, டோக்கியோ டோம், நியூ ஜப்பானின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல் கிங்டம் 10. மறுபடியும் ஒகாடாவும் தனஹாஷியும். இப்போது ஒகாடாவுக்கு 28, தனஹாஷிக்கு 39.

முந்தைய வருடம் அதே நாள், அதே டோமில், தனஹாஷிதான் ஜெயித்திருந்தார். தோற்ற ஒகாடா அந்த நீண்ட நடைமேடையில் அழுதுகொண்டே திரும்பிப் போனார். தனஹாஷி மைக்கை எடுத்து, ஐடபிள்யூஜிபி வெகு தூரத்தில் இருக்கிறது என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார். 2013இலும் டோமில் அவரிடம் தோற்றவர்தான் ஒகாடா. சின்ன அரங்குகளில் ஒகாடா அவரை வென்றதுண்டு. வருடத்தின் மிகப் பெரிய இரவில், மிகப் பெரிய கட்டடத்தில் மட்டும் முடியவில்லை. அது முடியாதவரை கம்பெனி யாருடையது என்ற கேள்விக்கு விடை தனஹாஷிதான். 2015 ஜூலையில் ஏஜே ஸ்டைல்ஸிடமிருந்து ஒகாடா பெல்ட்டை மீட்டார். ஆகஸ்டில் ஜி1 கிளைமாக்ஸ் தொடரை வென்று தனஹாஷி சவாலாளியானார். எல்லாம் சரியாக வந்து நின்றது.

மேட்ச் 36 நிமிடம். முதல் பத்து நிமிடம் மெதுவாகப் போகும், கூட்டமும் அமைதியாக இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து, ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துவிடுவார்கள். அது கவனம், சலிப்பு இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பாளர் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்வார். அந்தக் குரல் வரும்போதெல்லாம் கூட்டம் ஒரு படி ஏறுவதைக் கேட்கலாம். தனஹாஷி மறுபடி காலைத் தேடிப் போகிறார், அதே டிராகன் ஸ்க்ரூ. மேல்கயிற்றிலிருந்து பாய்ந்து வயிற்றில் விழும் ஹை ஃப்ளை ஃப்ளோவும் வருகிறது. போன வருடம் முடிவு கட்டிய அடி அது. இந்த வருடம் ஒகாடா தோளை உயர்த்திவிடுகிறார்.

கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ரெய்ன்மேக்கர் என்பது எளிய அடி. எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே சுழற்றிவிட்டு, திரும்பத் தன் பக்கம் இழுத்து, மறுகையால் கழுத்தில் வெட்டுவது. ஒகாடா அதை அடிக்கிறார், தனஹாஷி விழுகிறார். வழக்கமாக இந்த இடத்தில் பிடி விட்டுப்போகும். அன்று விடவில்லை. உடல் தளர்ந்து கிடக்கிறது, முகத்தில் அறை விழுகிறது, ஒகாடாவின் விரல்கள் மட்டும் தனஹாஷியின் மணிக்கட்டைச் சுற்றி இறுகியே இருக்கின்றன. கேமரா அந்தக் கையைத் தேடிப் போகிறது. டோம் முழுக்க அதைப் பார்த்துவிட்டுக் கத்துகிறது. பிறகு ஒகாடா எழுந்து, அந்தப் பிடியாலேயே இழுத்து, மறுபடி வெட்டுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று.

அந்தக் கையை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். போன வருடம் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னவரின் மணிக்கட்டு அது. பையன் பிடித்துவிட்டான், இனி விடமாட்டான். அந்த மணிக்கட்டைக் கொடுத்தவர் தனஹாஷி என்பதையும் நான் மறப்பதில்லை. 39 வயதில், இன்னும் கூட்டத்தின் செல்லப்பிள்ளையாக இருக்கும்போதே, மிகப் பெரிய இரவில், டிரா இல்லாமல், குறுக்குவழி இல்லாமல், ரிங் நடுவில் மூன்று எண்ண விட்டார். இனோகி ஃபுஜினாமிக்குக் கொடுக்காமல் விட்டது அதுதான். அந்த இரவு முடிந்த கையோடு ஷின்சுகே நாகமுராவும் ஏஜே ஸ்டைல்ஸும் டபிள்யூடபிள்யூஇக்குப் போகும் செய்தி வெளிவந்தது. இரண்டு பெரிய தூண்கள் போயும் கம்பெனி சாயாமல் நின்றதற்கு, ஒகாடா அன்று முழுமையான சாம்பியனாக நின்றது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

குறையும் உண்டு. டோம் பெரிய கட்டடம். கொரகுவென் ஹால் மாதிரிச் சின்ன அரங்கில் சத்தம் சுவரில் மோதித் திரும்பும் சூடு அங்கே கிடைக்காது. முன்கதை கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த முன்கதையைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம்: 2015 மேட்சின் கடைசி ஐந்து நிமிடம், அப்புறம் ஒகாடா அழுதுகொண்டு நடக்கும் அந்த நடை. அவ்வளவுதான். 2012 ஜூன் மேட்சுக்கு இப்படிச் சுருக்கமான முன்னுரை அமையாது, 1988க்கு அமையவே அமையாது.

2018 மே 4 அன்று ஃபுகுவோகாவில் ஒகாடா தனஹாஷியை வென்று, 12ஆவது முறை பட்டத்தைத் தக்கவைத்து அவருடைய 11 என்ற சாதனையை முறியடித்ததும் நல்ல மேட்ச்தான். ஆனால் அதற்குள் ஒகாடாவை இளம் சாம்பியன் என்று யாரும் சொல்லவில்லை. 2016க்குப் பின்னுரையாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கே பார்ப்பது என்றால், நியூ ஜப்பானின் மேட்ச்கள் அவர்களுடைய நியூ ஜப்பான் வேர்ல்ட் தளத்தில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. ஜப்பானிய வர்ணனையோடு பார்க்கச் சொல்வேன். மொழி புரியாது, பரவாயில்லை. குரல் எங்கே உடைகிறது என்பது யாருக்கும் புரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை 2016ஐத்தான் போட்டேன். முதல் பத்து நிமிடம் அவன் போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தான். டிராகன் ஸ்க்ரூ வந்தபோது போன் சோபாவில் கிடந்தது. மணிக்கட்டுப் பிடி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, கைய விடவே இல்ல" என்றான். முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இவங்க ரெண்டு பேரும் பெல்ட்டுக்காக முதல்ல எப்ப மோதினாங்க?"

2012 பிப்ரவரியைத் தேடி எடுத்தேன்.